பெண் பார்க்கப் போய் வீட்டுத்திட்டம் கொடுத்த கதை

அடையாள அட்டையில் அழகாக இருக்கும் மனிதன் இன்னும் பிறக்கவில்லை. என் அட்டையில் இருப்பவனைக் கண்டால் நானே கதவைச் சாத்திவிடுவேன். என்னிடம் அப்போது வேறு படம் இல்லை. நான் இணையத்தில் பெண் தேடிய கதைக்கு அந்தப் படம்தான் பிள்ளையார் சுழி. (கத்தோலிக்க வேதக்காரன் பிள்ளையார் சுழி போடலாமா என்று கேட்காதீர்கள்.)

போர் முடிந்து, தமிழ்நாட்டு முகாமிலிருந்து திரும்பி, மன்னார்த் தீவின் பேசாலையில் அக்கா வீட்டில் ஒட்டிக்கொண்டிருந்தேன். வயது முப்பத்திரண்டு. மீளக்குடியேறியவர்களின் புது வீடுகளுக்கு வயரிங் செய்வது தொழில். ஊரெல்லாம் விளக்கு எரியவைத்தவனுக்குச் சொந்தமாக ஒரு சுவிட்ச்கூட இல்லை. வீடில்லை என்று தெரிந்ததும் தரகர்கள் தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டு எழும்பினார்கள்.

"இனி இன்ரர்நெற்தான்" என்றாள் அக்கா. "ரெண்டு நாள் கதைச்சிட்டு விடுற இடம் வேண்டாம். கடைசிவரைக்கும் நிண்டுபிடிக்கிற மாதிரிப் பார்." (சீமெந்து வாங்கும்போதும் இதையேதான் சொல்வாள்.)

முதலாவது தளம் பிறந்த நேரம் கேட்டது. அம்மாவைக் கேட்டால் "வள்ளம் கரைக்கு வந்த நேரம்" என்பார். அதைப் போட அங்கே கட்டம் இல்லை. இரண்டாவது தளம் படம் இல்லாமல் உள்ளே விடவில்லை; அட்டைப் படத்தைப் போட எனக்குத் துணிவில்லை. மூன்றாவதுதான் எனக்காகவே செய்யப்பட்டது. நீண்டகால உறவை விரும்புவோருக்காம். படமும் வேண்டாம், பெயரும் வேண்டாம், நேரில் காணும்வரை மனங்கள் மட்டும் பேசட்டுமாம். பாய்ந்து சேர்ந்தேன். புனைபெயர் 'கடற்காற்று'.

சில வாரத்தில் 'நெல்மணி' வந்தாள். ஊர் நறுவிலிக்குளம், முன்பள்ளி ஆசிரியை. "சோறு குழைஞ்சா கோவிப்பியளோ?" என்று எழுதினாள். "கஞ்சி எண்டு நினைச்சுக் குடிப்பன்" என்றேன். அன்றிலிருந்து எனக்கு நித்திரை போயிற்று.

சந்திக்க நாள் வைத்தோம். சனிக்கிழமை காலை, மன்னார் பஸ் நிலையம். அவள் தகப்பனோடு நீலக் குடை பிடித்து வருவாள். நான் வெள்ளைச் சட்டை, கையில் ஞானஸ்நானச் சான்றிதழ் முதலியவை அடங்கிய ஃபைல். பிறகு அக்கா வீட்டில் மதியச் சாப்பாடு.

அந்த ஆண்டு ஏதோ ஒரு நிவாரண அமைப்பு மாவட்டம் முழுக்க நீலக் குடை பங்கிட்டிருந்தது. இதை நான் யோசிக்கவேயில்லை. பஸ்ஸால் இறங்கிய ஒரு வயதானவரும் மகளும் நீலக் குடையோடு என்னை நோக்கி வந்தார்கள்.

"வரச் சொன்ன ஐயா நீங்கள்தானே?" என்றார் பெரியவர்.

"ஓம் ஐயா, நான்தான். வாங்கோ, வீட்டைப் போய்க் கதைப்பம்."

"வீட்டையே காட்டப் போறியளோ!" என்று அவர் கண்கலங்கினார். எவ்வளவு எளிமையான மாமனார் என்று நானும் கலங்கினேன்.

ஓட்டோவில் பேச்சுத் தொடங்கியது.

"எங்களுக்கு முன்னுக்கு எத்தினை குடும்பத்தைப் பாத்தனீங்கள்?"

"ஒருத்தரையும் இல்லை. நீங்கள்தான் முதல்."

பெரியவர் மகளின் கையைப் பிடித்துக்கொண்டார். "பிள்ளை, நாங்கள்தானாம் முதல்!"

நான் துணிவை வரவழைத்து மகளைக் கேட்டேன். "உங்களுக்கு முழு விருப்பம்தானே?"

"விருப்பமில்லாமலோ? தறப்பாள் கூரைக்குக் கீழ இருந்து எத்தினை வருசமாக் காத்துக்கொண்டிருக்கிறம்" என்றாள். என்மேல் இத்தனை ஆசையா? பேசாலைக் கரை வந்தபோது எனக்குக் கடல் இரண்டு மடங்கு நீலமாகத் தெரிந்தது.

"அத்திவாரம் நாங்களே போட்டிட்டம்" என்றார் பெரியவர். "மிச்சத்தை நீங்கள் பாப்பியள்தானே?"

சீதனமாக அத்திவாரம்! "அதுக்கென்ன, கூரைவரைக்கும் என்ர பொறுப்பு" என்றேன் தாராளமாக.

அக்கா நண்டுக் கறியும் பொரித்த பாரை மீனும் வைத்திருந்தாள். பெரியவர் இரண்டாம் தரம் சோறு போட்டுக்கொண்டபோது வாசலில் இன்னொரு நீலக் குடை மடங்கியது. அதன் பின்னால் ஒரு பெண்ணும், வேர்த்து விறுவிறுத்த ஒரு மனிதரும்.

"கடற்காற்று எண்டது ஆர்?" என்று கேட்டாள் அந்தப் பெண். "பஸ் ஸ்ராண்டில பாத்துப் பாத்துக் களைச்சுப்போய், பேசாலையில வயரிங் செய்யிற ஆள் எண்டு விசாரிச்சு வாறம். நான் ஜெசிந்தா. நெல்மணி."

என் வாயில் நண்டுக் கால் இருந்தது. அக்கா என்னைப் பார்த்தாள். "டேய், அப்ப இவையள் ஆர்?"

"நாங்கள் முசலிப் பக்கம். வீடு கட்டித் தாற வீட்டுத்திட்டத்து ஐயா வெள்ளைச் சட்டையோட ஃபைல் கொண்டு வருவார் எண்டிச்சினம்" என்றார் பெரியவர். சொல்லச் சொல்ல அவருக்கே விளங்கியது. சோற்றுக் கோப்பையிலேயே கை நின்றது. "அப்ப தம்பி, எங்களுக்கு வீடு?"

எத்தனையோ இடத்தில் அவமானப்பட்டிருக்கிறேன். அந்தக் கேள்விக்கு முன்னால் நின்றதுபோல் எங்கும் நிற்கவில்லை.

"எனக்கே வீடில்லை ஐயா" என்றேன். "நான் பொம்பிளை பாக்க வந்தனான்."

முதலில் சிரித்தது அவருடைய மகள்தான். "அப்ப விருப்பமோ எண்டு கேட்டது அதுக்கோ!" என்று முந்தானையால் வாயைப் பொத்தினாள். ஜெசிந்தாவுக்கு விசயம் பிடிபட்டதும் அவள் சிரித்த சிரிப்பில் முற்றத்தில் மேய்ந்துகொண்டிருந்த கழுதைகூட ஓடிவிட்டது. அவளுடைய தகப்பன் மட்டும் சிரிக்கவில்லை. "வா பிள்ளை, போவம். பொம்பிளையையே மாறிக் கூட்டிக்கொண்டு போற ஆள் இவர்."

"இருங்கோ அப்பா" என்றாள் ஜெசிந்தா. பெரியவர் கை கழுவ எழும்பியிருந்தார். அவரை இருத்தி, சோற்றைப் போட்டு, "திங்கக்கிழமை இவர் உங்களை வீட்டுத்திட்டக் கந்தோருக்குக் கூட்டிக்கொண்டு போவார். நானும் வாறன், இல்லாட்டி வேற ஆரையும் ஏத்திக்கொண்டு போயிடுவார்" என்றாள்.

போனோம். உண்மையான அலுவலர் அந்தச் சனிக்கிழமை வரவே இல்லையாம். பல தடவை அந்தக் கந்தோர்க் கதிரைகளில் காத்திருந்த பொழுதுகளில்தான் நாங்கள் ஒருவரை ஒருவர் வடிவாகப் பார்த்தோம். பெரியவருக்கு வீடு கிடைக்க ஒன்றரை வருடம் எடுத்தது. வயரிங் நான்தான். குடிபுகும் அன்று என்னை 'ஐயா' என்று அழைத்து ரிபனும் வெட்டவைத்தார்.

அதற்கு முன்பே எங்கள் கலியாணம் முடிந்திருந்தது. தேவாலயப் பீடத்துக்கு முன்னால், சாமியார் என்னிடம் சம்மதம் கேட்ட நேரம், ஜெசிந்தா முக்காட்டை விலக்கிக் காதுக்குள் சொன்னாள்: "ஒருக்கா வடிவாப் பாத்திட்டுச் சொல்லுங்கோ." முன்வரிசை வாங்கில் இருந்த மாமனாருக்கும் அது கேட்டுவிட்டது. அவர் முதன்முதலாகச் சிரித்தது அப்போதுதான்.

இன்றைக்கும் மன்னார் பஸ் நிலையத்துக்கு அவளை ஏற்றப் போனால், என் மோட்டார் சைக்கிளுக்கு முன்னால் நின்று, தன் பெயர், தகப்பன் பெயர், ஊர் எல்லாம் உரத்துச் சொன்ன பிறகுதான் ஏறுவாள். பிள்ளைகளும் இப்போது வரிசையில் நின்று சொல்கிறார்கள்.