அழுத்தம் அடுத்த ஆளுக்கு

பட்!

குளியலறைக் கதவை வெளியிலிருந்து யாரோ தட்டினார்கள். உள்ளே சீருடையை அலசியபடி நான் "அன்-ஃபோர்-ச்சு-நட்-லி" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். மறுபடி சொன்னேன். சரியாக 'ஃபோர்' வரும்போது, பட்!

வரும் சனிக்கிழமை இரவு தூங்கியே தீருவது என்று சபதம் எடுத்திருந்தேன். கிள்ளானில் தொழிற்சாலைக் காவல்காரனுக்கு வாரத்தில் அந்த ஓர் இரவுதான் கட்டில். அன்றைக்குத்தான் மச்சான் ராஜன் மகள் விஷ்ணுப்ரியாவுக்கு இருபத்தொன்றாம் பிறந்தநாள் விருந்து. தமிழில் மறுத்தால் மச்சான் வீட்டுக்கே வந்து தூக்கிப் போவார். ஆங்கிலத்தில் மறுத்தால் கம்பெனியே மறுத்த மாதிரி இருக்கும்.

கைபேசி அகராதி அந்தச் சொல்லை ஐந்தாக நறுக்கி, இரண்டாவது துண்டின் தலையில் ஒரு குட்டிக் கோடு போட்டிருந்தது. அழுத்தம் அங்கேயாம். எனக்குப் புல்லரித்தது. அதிர்ஷ்டத்தையே கவிழ்க்கிற 'அன்' முதலில் நிற்கிறது, அழுத்தமோ அடுத்ததற்கு! எங்கள் வீடு மாதிரியே.

கதவைத் திறந்தேன். அடுத்த ஆள் நின்றாள். என் மனைவி ரமணி. ஒரு கையில் கைபேசி.

"ஏங்க, யாருக்கு இந்த இங்லீஷ்?"

"வேலைக்கு லா. வாக்கிடாக்கியில பேசணும்."

"கடைசி 'லி'ய இழுக்காதீங்க. முழுசா சொல்லுங்க பாப்போம்."

"அன்ஃபோர்ச்சுநட்லி, ஐ கெனாட் அட்டெண்ட் த டின்னர்."

"எந்த டின்னர்?"

"சும்மா... உதாரணத்துக்கு."

ரமணி கண் கலங்கினாள். "இத்தன வருஷமா இந்தக் கொரல எங்க ஒளிச்சு வச்சிருந்தீங்க?"

கல்யாணமான நாளிலிருந்து அவள் என்னை அப்படிப் பார்த்ததில்லை. உருகிப்போய் இன்னும் நாலு தடவை சொன்னேன். 'ஃபோர்' மேட்டில் ஏறி, சறுக்கி, 'லி'யில் மெல்ல இறங்கினேன். அவள் கைபேசி சிணுங்கியது. மச்சானின் குரல்.

"ரமணி, என்னா கொரலும்மா! விருந்த நடத்திக் குடுக்க எம்சி கெடச்சாச்சு! மாப்ளய வெள்ளனே வரச் சொல்லு. கடைசி ஆளு கெளம்பற வரைக்கும் மைக்கு அவரு கையிலதான்!"

"அடிப்பாவி, ரெக்கார்ட் பண்ணி அனுப்பிட்டியா? அதுல வர முடியாதுன்னுதானே சொல்லியிருக்கேன்!"

"அண்ணன் அர்த்தத்தையா கேட்டாரு? அழுத்தத்தத்தான் கேட்டாரு."

நான் உள்ளே போய், மைக்குப் பக்கத்தில் தெரியப்போகும் சட்டைக் காலருக்கு மறுபடி சோப்பு போட்டேன்.