திரையில் ஓடிய எண்

"இது அரசாங்க ஆபீஸ் இல்லீங்க, தையல் கடை" என்று அன்று காலை நாற்பதாவது முறையாகச் சொன்னாள் தையல்காரி.

சொந்தத் தொழில் தொடங்குவோருக்கு அரசு மானியத்தில் இயந்திரம் தரும் திட்டம் பற்றி முந்தின நாள் தொலைக்காட்சியில் ஒரு நிகழ்ச்சி. விவரங்களுக்கு என்று திரையில் ஓடிய எண்ணில் ஓர் இலக்கம் மாறி, அவள் கடை எண்ணாகிவிட்டது. மேசையிலோ, வெள்ளிக்கிழமைக்குள் முடிக்க வேண்டிய பள்ளிச் சீருடைகள் மலைபோல் கிடந்தன.

"ஏம்மா, உங்க சொந்தக்காரங்களுக்கே குடுக்கலாம்னு மறைக்கிறீங்களா?" என்று கேட்டார் பேக்கரிக்காரர் ஒருவர்.

"போனை ஆஃப் பண்ணி வை" என்றான் கணவன்.

அணைத்தாள். கடைப் பலகையிலும் அதே எண். அதைப் பார்த்து ஆட்கள் நேரிலேயே வந்துவிட்டார்கள்.

"பேரை எழுதிக்கிட்டு அனுப்பு. கலைஞ்சு போயிடுவாங்க" என்றான் கணவன்.

எழுதினாள். பதிவு ஆரம்பித்துவிட்டதாகச் செய்தி பரவி, மதியத்துக்குள் வரிசை தெருமுனையைத் தாண்டியது.

வேறு வழியில்லாமல் மறுஒளிபரப்பைப் பார்த்து, துணி வெட்ட அளவு வரையும் காகிதத்தில் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டாள். பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரர் இணையத்திலிருந்து படிவங்களை அச்செடுத்துக்கொண்டு ஓடி வந்தார்.

"மாவு பிசையற மிஷின் கிடைக்குமா?" என்றார் பேக்கரிக்காரர்.

"கிடைக்கும். முதல்ல பத்து நாள் பயிற்சி. கடை உங்க பேர்ல இருக்கா?"

"இருக்கு."

"அப்ப கையெழுத்துப் போடுங்க. அங்க இல்லண்ணே, அது சாட்சிக்கு."

இரண்டே நாளில் அவளுக்கு இது கைவந்துவிட்டது. வெல்டிங்காரருக்கு எந்தச் சான்று, பூக்கடைக்காரிக்கு எந்தப் பயிற்சி என்று தையல் மிஷினை மிதித்தபடியே சொன்னாள். காத்திருந்த பெண்கள் சும்மா இராமல் சீருடைகளுக்குப் பட்டன் தைத்தார்கள். கணவன் விசிலோடு வரிசையைச் சீர்செய்தான்.

வியாழக்கிழமை மாலை தொலைக்காட்சி வருத்தம் தெரிவித்து, சரியான எண்ணை வெளியிட்டது.

"அப்பாடா" என்றான் கணவன்.

அவளுக்கு என்னவோ போல் இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை, சீருடைகளை மூட்டை கட்டும்போது, மறுபடி ஆன் பண்ணி வைத்திருந்த போன் அடித்தது. பாய்ந்து எடுத்தாள்.

"ராங் நம்பர்ங்க. சரியான நம்பரை நேத்தே டிவியில போட்டுட்டாங்க."

"தெரியும்மா" என்றது ஒரு களைத்த குரல். "நான் அந்த நம்பர்ல உட்கார்ந்திருக்கிற அதிகாரிதான். இங்க வாசல் வரைக்கும் கூட்டம். படிவத்துல மூணாம் பக்கத்தை எப்படி நிரப்பணும்னு கொஞ்சம் சொல்லிக்குடுங்க."