கயிறு படாத கார்

"பம்பர்ல கட்டாதீங்க மச்சான். அடியில கொக்கி இருக்கு பாருங்க, அதுல மாட்டுங்க. பம்பர்ல கட்டினா பட்டறைக்குப் பம்பர் மட்டும்தான் போய்ச் சேரும்."

சொன்னவர் ஒரு தொழிற்சாலையில் முப்பது வருடம் பாதுகாப்பு அதிகாரியாக இருந்தவர். வேலைதான் ஓய்வு பெற்றிருந்தது. குரல் இன்னும் பணியில் இருந்தது.

மறுநாள் மகனுக்குக் கல்யாணம். தன் அப்பாவின் பழைய காரில்தான் மருமகளை வீட்டுக்கு அழைத்துவர வேண்டும் என்று அதிகாரி ஒற்றைக்காலில் நின்றார். காரோ காலையிலிருந்து நகரவில்லை. அதில் ஹார்ன் மட்டும் உயிரோடு இருந்தது.

"மத்தியானத்துக்குள்ள ஓடலேன்னா வாடகைக் கார்தான்ப்பா," என்று மகன் கறாராகச் சொல்லிவிட்டான்.

"உங்கம்மாவ இதுலதான்டா கூட்டிட்டு வந்தோம். தாத்தா ஓட்டினாரு, நாங்க பின்சீட்ல. என்ஜின் சத்தமே இல்ல, அவ வளையல் சத்தம்தான் கேட்டுச்சு. கட்டி இழுக்கக் கயிறு படாத வண்டிடா இது."

இன்று பட்டது. மச்சானின் புதுக் கார் முன்னால். பழைய காரில் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி அதிகாரி, பக்கத்தில் அவர் மனைவி. கிளம்புமுன் வகுப்பு நடந்தது.

"கயிறு தொய்யக் கூடாது. நடுவுல சிவப்புத் துணி கட்டணும். நான் ஒரு ஹார்ன் அடிச்சா மெதுவா போங்க, ரெண்டு அடிச்சா நிறுத்துங்க. புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது அத்தான்," என்றார் மச்சான், புரியாதவர்கள் சொல்லும் வேகத்தில்.

சிவப்புத் துணி அகப்படவில்லை. மகனின் கல்யாண டை அகப்பட்டது.

தெருமுனை தாண்டியதும் பின்னால் வந்த லாரி இரண்டு முறை ஹார்ன் அடித்தது. மச்சான் சட்டென்று நின்றார். என்ஜின் ஓடாத காரில் பிரேக் கல்லாக இறுகிக் கிடந்தது. அதிகாரி ஏறி மிதிப்பதற்குள் 'டொம்'.

"எதுக்கு நின்னீங்க?"

"ரெண்டு அடிச்சீங்களே."

"அது லாரி."

"லாரிக்கும் வகுப்பு எடுத்திருப்பீங்கன்னு நெனச்சேன்."

இடிக்காமல் இருக்கக் கயிற்றை நீளமாக்கினார் அதிகாரி. அந்த இடைவெளியில் ஒரு ஸ்கூட்டர்காரர் புகுந்தார். இந்தப் பக்கம் வந்தவருக்கு அந்தப் பக்கம் போகக் கயிறு விடவில்லை. அதிகாரியின் பரம்பரையை உரக்க விசாரித்துக்கொண்டே அவரும் கூட வந்தார். அதிகாரி இரண்டு ஹார்ன் அடித்தார். லாரியாக்கும் என்று மச்சான் போய்க்கொண்டே இருந்தார்.

ஒருவழியாக ஸ்கூட்டர் நழுவிக்கொண்டது. அதன்பிறகு கொஞ்ச தூரம் வண்டி ஒழுங்காக நகர்ந்தது. அப்பாவின் கட்டைவிரல் தேய்த்துத் தேய்த்து வழுவழுப்பாக்கிய ஸ்டீயரிங்கை அதிகாரி தடவிக்கொடுத்தார்.

பட்டறையில் மெக்கானிக் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு பானட்டை மூடினார்.

"ஒரு வாரம் ஆகும் சார்."

அதிகாரி கந்தலாகிவிட்ட டையைக் கையில் சுருட்டினார். "போச்சு. அப்பா உன்னை அழைச்சிட்டு வந்த மாதிரி மருமகள அழைச்சிட்டு வரக் குடுத்து வைக்கல."

வழிநெடுக வாய் திறக்காத மனைவி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"ஏன் போச்சு? நாளைக்கும் தம்பியவே இழுக்கச் சொல்லுங்க. உங்கப்பாவும் அன்னிக்குக் கயித்துல கட்டித்தான் கொண்டுவந்தாரு. நீங்கதான் முன்னால பாக்காம என்னையே பாத்துட்டு வந்தீங்க."