வெள்ளிக்கிழமை தோறும் இருபத்து நான்கு மைல்

786

பழவேற்காடு
12-4-1984, வியாழக்கிழமை

அன்பு மச்சான் அமீர் ஜானுக்கு, உன் அக்கா புருஷன் முகம்மது இஸ்மாயில் எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். ஆண்டவன் கிருபையால் இங்கே உன் அக்கா கைருன் பீவி சுகம், ஆடு இரண்டும் சுகம், நான் மட்டும் சுகமில்லை. மண்ணடியில் நீயும் பிள்ளைகளும் சுகமாகத்தான் இருப்பீர்கள். அடுத்தவன் தலையில் ஒரு காரைக் கட்டிவிட்டவனுக்குச் சுகத்துக்கு என்ன குறைச்சல்?

விஷயம் அந்தக் கார்தான். போன வருஷம் ரம்ஜானுக்கு வந்தபோது என்ன சொன்னாய் என்று நீ மறந்திருப்பாய், நான் மறக்கவில்லை. "மச்சான், இந்தச் சின்ன கார இன்னிக்கு ஒருத்தனும் சீந்த மாட்டான், எல்லாம் பெரிய வண்டி பின்னாடி ஓடறானுங்க. இருபது வருசம் போவட்டும், இதத் தேடிக்கினு கப்பல் ஏறி வருவான். சீமையில இப்பவே பழைய சின்ன காருக்குச் சங்கம் வெச்சிக்கிறானாம். நீங்க ஒண்ணும் செய்ய வேணாம். ஓட்டக் கூடாது, பெயிண்ட் அடிக்கக் கூடாது, மைல் ஏறக் கூடாது, அவ்ளோதான்" என்றாய். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஆகவே இந்தக் காரை வைத்திருக்க என்னைவிடத் தகுதியானவன் தாலுகாவிலேயே இல்லை என்று நானும் மயங்கிவிட்டேன்.

நான் யார் என்பது உனக்குத் தெரியும். பொன்னேரி பத்திர ஆபீசில் முப்பத்திரண்டு வருஷம் குமாஸ்தா. "படிச்சிப் பார்த்துட்டுக் கையெழுத்துப் போடுய்யா" என்று ஊருக்கெல்லாம் புத்தி சொல்லியே ஓய்வு பெற்றவன். பெற்ற அப்பன் கையெழுத்துக்கே இரண்டு சாட்சி கேட்டவன். அப்படிப்பட்டவன் வாழ்நாளில் ஒரே ஒரு தடவை ஒருவன் வாய்ச்சொல்லை நம்பினேன் என்றால் அது உன் வாய்ச்சொல். அதிலும் நான் ஏமாந்தேன் என்று தெரிந்தால் மக்பூல் டீக்கடையில் என் முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பேன்? ஊரே சிரிக்கும். அதுதான் எனக்குத் தூக்கம் இல்லை.

வாங்கிய அன்றே எனக்குச் சந்தேகம். விற்ற டாக்டரம்மா சாவியைக் கொடுக்கும்போது அழுதார். "நிறைய பார்த்த வண்டி பாய், பத்திரமா வெச்சுக்கோங்க" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். நல்ல பொருளை விற்றவர் சிரிப்பார், கெட்ட பொருளைத் தள்ளிவிட்டவர் இன்னும் நன்றாகச் சிரிப்பார். அழுகிறவரை நான் முப்பத்திரண்டு வருஷத்தில் பார்த்ததில்லை. என்னத்தையோ மறைக்கிறார் என்று அப்போதே நினைத்தேன். கொட்டகை போட்டு, பழைய பாய்த்துணியைப் போர்த்தி, சாவியை என் பச்சை பெல்ட் பையில் வைத்துக்கொண்டேன். படுக்கும்போதும் பெல்ட் இடுப்பில்தான். வெள்ளிக்கிழமை ஒரு நாள் மட்டும் குளித்து வெள்ளை உடுத்தி, பெல்ட்டை ஆணியில் மாட்டிவிட்டு ஜும்மாவுக்குப் போவேன். தொழுது முடித்து மக்பூல் கடையில் உட்கார்ந்து ஊர் நியாயம் பேசி, அஸர் தொழுகைக்கு அப்புறம்தான் வீடு.

முதலில் வந்தது வாடை. தோணிரேவு செங்கல்வராயன் என்று ஒருவன், முன்னே ஐஸ் லாரி ஓட்டினவன், இப்போது இறால் பிடிக்கிறான். ஏரியில் யார் என்றைக்கு எந்த இடத்தில் வலை போடுவது என்று சீட்டுக் குலுக்கி முறை வைத்துக்கொள்வார்களே, அவர்கள் அதற்குப் பாடு என்பார்கள், தன் பாடு இல்லாத நாளெல்லாம் இவன் என் கொட்டகையில்தான். ஒரு நாள் பார்க்கிறேன், காருக்கு அடியில் படுத்துக்கொண்டு, தோணிக்குப் பூசுகிற மீன் எண்ணெயைக் காருக்குப் பூசுகிறான்! "இன்னாடா பண்றே?" என்றால், "உப்புக் காத்து பாய், இரும்பத் தின்னுடும்" என்கிறான். இவனுக்கு என் இரும்பின் மேல் என்ன அக்கறை? நாற வைத்து, நானே வெறுத்துப்போய் அடிமாட்டு விலைக்கு விற்கட்டும் என்றுதானே? இப்போது ஊர்ப் பூனை மொத்தமும் என் கொட்டகையில். நேற்று எண்ணினேன், பத்தொன்பது. ஒன்று பானெட் மேலேயே குட்டி போட்டிருக்கிறது.

இதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். மைல் கடிகாரத்தை நான் தினம் ஒரு நோட்டில் குறித்து வைக்கிறேன். கொட்டகையை விட்டு நகராத கார், வெள்ளிக்கிழமை தோறும் இருபத்து நான்கு மைல் ஏறுகிறது! மதிப்பே மைல் ஏறாததில்தான் இருக்கிறது என்று நீதானே சொன்னாய்? போக பன்னிரண்டு, வர பன்னிரண்டு. இங்கிருந்து பன்னிரண்டு மைலில் என்ன இருக்கிறது? பொன்னேரி. பொன்னேரியில் என்ன இருக்கிறது? பத்திர ஆபீஸ். டிரங்குப் பெட்டியைத் திறந்து வீட்டுப் பத்திரத்தைப் பார்த்தேன், இருந்தது. இருந்ததுதான் எனக்கு இன்னும் சந்தேகம். நகல் எடுத்துவிட்டு அசலைத் திரும்ப வைப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

பெட்ரோலில் குச்சி விட்டுப் பார்த்தேன். குறையவில்லை, கூடியிருக்கிறது. திருடுகிறவன் எடுப்பானா, ஊற்றிவிட்டுப் போவானா? பின் சீட்டைப் புரட்டினால் பாதி கடித்த மாங்காய், புளியங்கொட்டை, உடைந்த கண்ணாடி வளையல், ஒரு சாம்பல் பொட்டலம். செய்வினை என்று நினைத்து மூன்று நாள் ஓதி ஊதினேன். நாலாம் நாள் ஒரு துண்டுச் சீட்டு கிடைத்தது: 'ராஜாத்தி, அம்மணி, குப்பம்மாள்' என்று பெயர், பக்கத்தில் தேதி. புரிந்துவிட்டது. கள்ளப் பத்திரத்துக்குச் சாட்சிகள்! உன் அக்காவிடம் காட்டினேன். அவள் சீட்டை வாங்கிப் பார்த்து, "யாரோ பொம்பளைங்க பேரு, நமக்கென்ன, சாப்பிட வாங்க" என்றாள். முப்பது வருஷத்தில் முதல் தடவையாக என் தட்டில் மூன்று முட்டை வைத்தாள். அவள் பேரிலும் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. உன் பேரில் முன்னமே உண்டு.

ஆகவே, மவுண்ட் ரோட்டில் பழைய கார் வாங்குகிற ஒருவர் கேட்டுக்கொண்டே இருக்கிறார் என்று எழுதியிருந்தாயே, அவரை வருகிற ஞாயிற்றுக்கிழமை கையோடு கூட்டி வந்துவிடு. அவர் ஏன் கேட்டுக்கொண்டே இருக்கிறார் என்பதும் எனக்கு விளங்கவில்லை. இருந்தாலும் இந்தச் சனியன் ஒழிந்தால் போதும். நாளை ஜும்மா முடிந்ததும் மக்பூல் கடையை மிதிக்காமல் நேரே வீட்டுக்கு வந்து கையும் களவுமாகப் பிடிக்கப் போகிறேன். பிடித்ததையும் எழுதி, சேர்த்தே தபாலில் போடுகிறேன்.

உன் வீட்டில் பெரியவர்களுக்கு என் சலாம். பிள்ளைகளுக்கு என் துஆ. எல்லோரையும் ஆண்டவன் காப்பானாக, கார் வாங்கச் சொல்கிறவர்களிடமிருந்து முக்கியமாக.

இப்படிக்கு,
முகம்மது இஸ்மாயில்

பி.கு. வெள்ளிக்கிழமை, மக்ரிபு தொழுகைக்குப் பின். மச்சான், அந்த மவுண்ட் ரோட்டுக்காரரைக் கூட்டி வராதே.

தொழுதுவிட்டு ஓடி வந்தால், கார் தெருவில் கிளம்பாமல் நிற்கிறது. ஸ்டியரிங்கில் செங்கல்வராயன். பின்னால் நிறைமாதமாக மூன்று பெண்கள். முக்காட்டை இழுத்துச் செருகிக்கொண்டு வண்டியைத் தள்ளுவது யார் தெரியுமா? உன் அக்கா! "திருடன் திருடன்" என்று நான் கத்த, "கத்தாதீங்க, குப்பம்மாளுக்கு வலி கண்டுடுச்சு, வந்து தள்ளுங்க" என்றாள். ஜும்மா வெள்ளையோடு தள்ளினேன். பத்தொன்பது பூனையும் கூடவே வந்தன. மற்ற இருவரும் இறங்கிக்கொள்ள, உன் அக்கா குப்பம்மாளைத் தாங்கிப் பின்னால் உட்கார, வழியில் நின்றால் தள்ள ஆள் வேண்டுமே என்று என்னை முன்னால் ஏற்றிக்கொண்டார்கள்.

பொன்னேரி ஆஸ்பத்திரியில் வெள்ளிக்கிழமைதான் பிள்ளைத்தாச்சிகளைப் பார்க்கும் நாளாம். பஸ்ஸில் குலுங்கிப் போய் அவதிப்படுகிறார்கள் என்று உன் அக்காதான் என் ஆணியிலிருந்து சாவியை எடுத்துக் கொடுத்திருக்கிறாள். தோணிரேவில் பாடு போடுவது மாதிரியே சீட்டுக் குலுக்கி, வாரத்துக்கு மூன்று பேர். பெட்ரோல் அவர்கள் ஊற்றுவது. "என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே" என்றேன். "கேட்டிருந்தா பத்திரம் எழுதி நாலு சாட்சி கேட்டிருப்பீங்க" என்றாள்.

பெண் குழந்தை. இரண்டு பேரும் நலம். ஆஸ்பத்திரி வாசலில் நின்றபோது எனக்கு வெட்கமாக இருந்தது, அதைவிடச் சந்தோஷமாக இருந்தது. டாக்டரம்மா எதற்கு அழுதார் என்றும் அப்போதுதான் புரிந்தது: அவர் காலத்தில் எத்தனை பிள்ளைத்தாச்சிகளைச் சுமந்த வண்டியோ! திரும்பி வரும்போது, "என் காரு, எனக்கும் ஒரு பாடு வேணும்டா" என்று செங்கல்வராயனிடம் கேட்டேன். "நீங்க மாசமா இருந்தா சொல்லுங்க பாய், உங்க பேரையும் சீட்ல போட்டுடறோம்" என்கிறான்.

ஞாயிற்றுக்கிழமை நீ மட்டும் வா. வரும்போது இரண்டு டயர் வாங்கி வா, பின்பக்கம் தேய்ந்துவிட்டது. புது டயர் வேண்டாம், நம்பிக்கை இல்லை. பழசாகப் பார்த்து வாங்கு, விற்கிறவன் அழுகிறானா என்று நன்றாகப் பார்த்து வாங்கு.