ஆஷாடத்தில் நின்றுபோன ஏ.சி.

படமட, பெஜவாடா (விஜயவாடா)
சனிக்கிழமை

விசாகப்பட்டினத்துக் கடற்காற்றைக் காலணா செலவில்லாமல் அனுபவித்துவரும் சிரஞ்சீவி ஸ்ரீகருக்கு, பெஜவாடாவில் இட்லி மாதிரி ஆவியில் வெந்து இப்போதுதான் இறக்கி வைக்கப்பட்ட உன் மாமா பூர்ணசந்திர ராவின் அநேக ஆசீர்வாதங்கள். இவ்விடம் நானும், உன் அத்தை மாணிக்யம்மாவும், புதுப்பெண் புருஷனைப் பிரிந்திருக்க வேண்டிய ஆஷாட மாதத்துக்குப் பிறந்தகம் வந்திருக்கும் எங்கள் பெண் பிந்துவும் நலம். ஏ.சி.யின் உடல்நிலைதான் தினம் ஒரு விதமாக இருக்கிறது.

புது வீட்டுக்கு ஏ.சி. வாங்கப் போவதாகவும், ரிப்பேருக்கென்று வருஷத்துக்கு எவ்வளவு ஒதுக்க வேண்டும் என்று அனுபவஸ்தனான நான் சொல்ல வேண்டும் என்றும் எழுதியிருந்தாய். சரியான ஆளிடம்தான் கேட்டாய். கேள்.

போன வாரம் ஒரு சாயங்காலம். பிந்து மொட்டைமாடியில் காய்ந்த துணிகளை அள்ளிக்கொண்டு இறங்கி வந்தாள், நான் நாற்காலியில் சாய்ந்தேன், ஏ.சி. நின்றது. மழை வருகிறேன் என்று ஏமாற்றிவிட்டுப் போன நேரம். அரை மணியில் காலண்டரில் இருந்த வெங்கடேஸ்வர சுவாமிக்கு நெற்றி வியர்த்தது. பூஜை அலமாரியில் இருந்த மெழுகுவர்த்தி யாரும் ஏற்றாமலே குனிந்து நமஸ்காரம் செய்தது. நான் எழுந்தபோது நாற்காலியும் கூடவே எழுந்து வந்தது. தெருமுனை ரிப்பேர்க் கடை சுபானியைக் கூப்பிட்டேன். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "கேஸ் போயிருச்சு பாபாய்," என்றான். பார்க்காமலே எப்படியப்பா தெரியும் என்றேன். "எல்லா வீட்லயும் அதுதானே பாபாய் போகுது," என்றான். வந்ததற்கு ஐந்நூறு, கழுவியதற்கு அறுநூறு, கேஸுக்கு மூவாயிரம். காற்றை விலைக்கு விற்கும் ஒரே தொழில் இதுதான் என்று எண்ணியபடி கொடுத்தேன். வீடு குளிர்ந்தது. மறுநாள் சாயங்காலம் பிந்து துணி எடுத்துவிட்டு வந்தாள், ஏ.சி. நின்றது.

அடுத்து, சட்டைப்பையில் பெயர் தைத்த கம்பெனி ஆள். மாடியில் இருக்கும் வெளிப்பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, ஆஸ்பத்திரி வராந்தாவில் சொந்தக்காரர்களைக் கூப்பிட்டுப் பேசும் டாக்டர் மாதிரி என்னைத் தனியே அழைத்து, போர்டு போய்விட்டது என்றான். நேற்றுத்தானே கேஸ் ரொப்பினோம் என்றேன். அது கேஸ் சார், இது போர்டு சார் என்று துவைதம் விளக்கினான். ஏழாயிரம். அன்றிரவு கம்பளி போர்த்திக்கொண்டு ஜமீன்தார் போலத் தூங்கினேன். மறுநாள் சாயங்காலம், நீ யூகித்தது சரி, துணி வந்தது, குளிர் போயிற்று.

அப்போதுதான் உன் அத்தை விசிறியைக் கீழே வைத்துவிட்டுத் தீர்ப்பு வழங்கினாள். "ஞாயித்துக்கிழமைக்குள்ள இந்த வீடு குளிரலைன்னா நானும் பொண்ணும் ஸ்ரீகர் வீட்டுக்குப் போயிடுவோம். ஆஷாடம் முடிஞ்சுதான் வருவோம்." உன் புது வீட்டின் நிம்மதிக்கு வந்த ஆபத்தைக் கவனி. எனக்கோ வெந்நீர் வைக்கத் தெரியாது. பிந்துவுக்கு முகமே விழுந்துவிட்டது. இங்கிருந்தால் குண்டூர் ஒரு மணி நேரம், விசாகப்பட்டினம் என்றால் குண்டூரிலிருந்து ஒரு ராத்திரி ரயில் தூரம். குண்டூரில்தான் அவள் வீட்டுக்காரர் மணிதீப், மிளகாய் மூட்டைகளைப் பாதுகாக்கும் குளிர்க்கிடங்கில் இன்ஜினீயராக இருக்கிறார்.

வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே பிந்து அப்பனான என்னிடம் சொன்னாள், "நான்னா, அவர் மிளகாய்க்கே குளிர் கொடுக்கறவர். மனுஷனுக்குக் கொடுக்க மாட்டாரா?"

"ஆஷாடத்துல புது மாப்பிள்ளை மாமியார் வீட்டு வாசப்படி மிதிக்கலாமாடீ?" என்றாள் உன் அத்தை.

"மொட்டைமாடிக்கு ஏதும்மா வாசப்படி? வெளிப்படிக்கட்டுல ஏறினா நேரா மாடிதானே."

சுப்ரீம் கோர்ட் வக்கீல்கள் இவளிடம் வந்து இரண்டு வருஷம் கை கட்டி நிற்கலாம். விஷயம் போனில் புரோகிதர் பந்துலுவுக்குப் போயிற்று. அவர் வெகுநேரம் யோசித்து, நிலைப்படி இல்லாத இடத்தில் தோஷம் இல்லை, ஆனால் மாமியாரும் மாப்பிள்ளையும் முகத்தோடு முகம் பார்க்கக் கூடாது என்று அருளினார். தட்சிணை ஐந்நூற்றொன்று. இதையும் ரிப்பேர்ச் செலவில் சேர்த்துக்கொள்.

நான் போனை வைக்குமுன் மாப்பிள்ளை கிருஷ்ணா பாலத்தைத் தாண்டிவிட்டார் என்று நினைக்கிறேன். மாடியில் அவர், சமையலறையில் உன் அத்தை, நடுவில் தபால் இலாகாவாகப் பிந்து. "உன் வீட்டுக்காரரைத் தண்ணித் தொட்டி நிழல்ல உக்காரச் சொல்லுடீ," என்று கீழேயிருந்து ஊருக்கே கேட்கும்படி இவள் கத்த, "அம்மாவைச் சிரமப்பட வேணாம்னு சொல்லு பிந்து," என்று மேலேயிருந்து அவர் கத்த, எதிர்வீட்டுக்காரர்கள் பால்கனியில் நாற்காலி போட்டுக்கொண்டார்கள். மாங்காய்ப் பருப்பு, கோங்குரா, மாப்பிள்ளைக்கு உயிரான மசாலா அடைத்த கத்தரிக்காய், பூதரேகுலு இனிப்பு எல்லாம் ஒவ்வொன்றாக மேலே ஏறின. ஊறுகாயை மறந்ததாக ஒரு தடவை, நெய்யை மறந்ததாக ஒரு தடவை, எதை மறந்தோம் என்பதையே மறந்ததாக ஒரு தடவை பிந்து போய்வந்தாள். நானும் ஒரு கை கொடுக்கலாமென்று எழுந்தால், "வெயில் நான்னா, உங்களுக்கு ஆகாது," என்று தடுத்துவிட்டாள். அப்போது சூரியன் அஸ்தமித்துத் தெருவிளக்கு எரிந்துகொண்டிருந்தது.

ஒருவழியாக ஏ.சி. ஓடியது. கூடத்தில் இமயமலை இறங்கியது. ஆனால் முதன்முதலாக ஆஷாடத்தில் வந்த மாப்பிள்ளையை வெறுங்கையோடு அனுப்பலாமா என்று உன் அத்தை கேட்க, பட்டு வேட்டியும் வெள்ளித் தட்டும் ஒரு பவுன் மோதிரமும் அதே படிக்கட்டில் ஏறின. ஆகவே என் தீர்மானமான ஆலோசனை: ரிப்பேருக்கு வருஷம் பதினைந்தாயிரம் ஒதுக்கு. இலவசமாகச் செய்து தர ஆள் இருந்தால் ஒன்றரை லட்சம் ஒதுக்கு.

உன் வீடு குளிரட்டும், உன் பர்ஸ் சூடாகவே இருக்கட்டும், உனக்கு வாய்க்கும் மாமியார் வீட்டில் மொட்டைமாடி இருக்கட்டும் என்று வாழ்த்தும்,

உன் மாமா
பூர்ணசந்திர ராவ்

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன் காற்று வாங்க மாடிக்குப் போனேன். வெளிப்பெட்டியின் பக்க மூடியில் திருகாணியைக் காணோம். அந்த இடத்தில் பிந்துவின் தலைக் கிளிப் செருகியிருந்தது. மூடிக்குள்ளே, விரல் பட்டால் கழன்று, அழுத்தினால் உட்காரும் ஒரு ஒயர். சுபானியும் கம்பெனிக்காரனும் இதை அழுத்திவிட்டுத்தான் கேஸும் போர்டும் விற்றிருக்கிறார்கள். ஆகவே மேலே எழுதிய கணக்கை முழுக்க அடித்துவிடு, இந்த ஏ.சி. வாங்கிய நாள்முதல் கெட்டதே இல்லை. கிளிப்பை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு ஓசைப்படாமல் இறங்கினேன். இதோ, பிந்து துணி எடுத்துக்கொண்டு வருகிறாள், ஏ.சி. நின்றுவிட்டது. ஒன்றும் தெரியாதவன் போல, சுபானியைக் கூப்பிடட்டுமா என்று உன் அத்தையைக் கேட்டேன்.

"அவன் எதுக்கு?" என்றாள் திரும்பிப் பார்க்காமல். "நான் காலைலயே கத்தரிக்காய் வாங்கி வெச்சுட்டேன்."