கொட்டுகிறவர்களும் செத்துவிட்டார்களா?

அரைகுறையாகப் படித்தவனாவது பயந்து நடப்பான். மெடல் வாங்கியவனைத்தான் கடற்கரைப் பக்கம் விடக் கூடாது. இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் விலங்கியல் எம்.எஸ்சி. முடித்துவிட்டு நான் அப்படித்தான் திரிந்தேன் (மெடல் தங்கமில்லை, கவரிங்).

ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரு பள்ளியில் டெமோ கிளாஸுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். "இதுவும் ஊத்திக்கிச்சுன்னா நாளையிலிருந்து கடைக்கு வந்துடு" என்று அத்தா சொல்லிவிட்டார். பொழிச்சலூரில் எங்களுக்குப் பெயின்ட் கடை. டர்பன்டைன் வாடையில் ஆயுசைக் கழிக்கப் பிறந்தவனா நான்?

மற்றவர்கள் சார்ட் மாட்டட்டும், நான் நிஜத்தையே காட்டுகிறேன் என்று காலையிலேயே நீலாங்கரைக்குப் போனேன். மணலில் நீல பலூன் மாதிரி ஒரு ஃபைசாலியா (ஜெல்லிமீனுக்குத் தூரத்துச் சொந்தம்) ஒதுங்கிக் கிடந்தது. மீன் கூடையோடு வந்த அக்கா, "தொடாத நைனா, செத்தாலும் கொட்டும்" என்றார். "நான் ஜூவாலஜி படிச்சவன், அக்கா" என்று சொல்லி, குச்சியால் தள்ளி ஊறுகாய் பாட்டிலில் அடைத்தேன். (அந்தப் பதிலுக்கே யாராவது ஓர் அறை விட்டிருக்கலாம்.)

வகுப்பில் வெளுத்து வாங்கினேன். "இது ஒரு பிராணி இல்லை. பல பிராணிகள் ஒட்டிக்கிட்டு வாழற கூட்டுக் குடும்பம். மிதக்கிறவர் மிதப்பார், சாப்பிடுறவர் எல்லாருக்கும் சேர்த்துச் சாப்பிடுவார், கொட்டுறவர் கொட்டுவார். ஒருத்தர் வேலையை இன்னொருத்தர் செய்யமாட்டார்."

பிரின்சிபால் மேடம் தலையாட்டினார். வேலை கையில் வந்துவிட்ட மிதப்பில், "இப்ப செத்துப்போச்சு, ஒண்ணும் செய்யாது" என்று வெறுங்கையால் அதை வெளியே எடுத்தேன்.

எனக்கடுத்து டெமோ எடுக்கக் கடைசி பெஞ்சில் காத்திருந்த பரீதா என்ற பெண் மெதுவாகக் கேட்டாள்: "கொட்டுறவங்களும் செத்துட்டாங்களா சார்?"

சாகவில்லை. கையில் சூடு வைத்தது போல் இருந்தது. கௌரவம் போய்விடக் கூடாதென்று சிரித்துக்கொண்டே, அதே கையால் நெற்றி வியர்வையைத் துடைத்தேன் (மேதை அல்லவா). ஒரு கண் மூடிக்கொண்டது. ஏழாம் வகுப்பு மொத்தமும் பார்க்க, "அத்தா" என்று அலறியபடி குழாயடிக்கு ஓடினேன்.

"சார், உங்களைவிட அது நல்லா டெமோ குடுத்துச்சு" என்றார் மேடம். பரீதா ஒரு சாக்பீஸால் ஃபைசாலியாவைப் போர்டில் வரைந்து வேலையை வாங்கிக்கொண்டாள். போகிற வழியில் என் மூஞ்சியைப் பார்த்துப் பரிதாபப்பட்டவள், இரண்டு வருஷம் கழித்து என்னையே கட்டிக்கொண்டாள்.

நான் பெயின்ட் கடையில்தான் இருக்கிறேன். இன்றைக்கும் வீட்டில் ஸ்டூல் மேல் ஏறி, "மெயின் ஆஃப் பண்ணியாச்சு, ஒண்ணும் செய்யாது" என்று ஒயரில் கை வைக்கப் போனால், ஹாலிலிருந்து என் மகள் கேட்பாள்: "கொட்டுறவங்களும் செத்துட்டாங்களா அத்தா?"

இறங்கிப் போய்ப் பார்ப்பேன். பாதி நாள் மெயின் ஆனில்தான் இருக்கும்.