மார்கழியின் பத்து வரிகள்

குறிப்பெழுதும் கொப்பியில் தேநீரை ஊற்றுவதற்கு முன் பஸ்தியான் ஒருமுறை சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார்.

"இஞ்சாருங்க, விசரா உங்களுக்கு? இப்பதானே முழுக்க எழுதி முடிச்சீங்க!" என்று மனைவி மக்டலின் கத்தினாள்.

"மெல்லக் கதை. புதுக் கொப்பி மாதிரித் தெரியக்கூடாது."

முந்தல் ஊரில் எல்லாருக்கும் தெரிந்த விசயம்தான். தபால் கந்தோரில் ஓய்வுபெற்ற நாளிலிருந்து பஸ்தியான், பொழுதுபட்டதும் முற்றத்தில் கதிரை போட்டு ஒரே ஒரு நட்சத்திரத்தைப் பார்ப்பார். அது சில மாதம் பிரகாசிக்கும், சில மாதம் மங்கும். பக்கத்து நட்சத்திரங்களோடு ஒப்பிட்டு அன்றைய பிரகாசத்தைக் கொப்பியில் எழுதுவார். எதிர்வீட்டு மாடி ஜன்னலைத்தான் பார்க்கிறார் என்று ஒரு காலம் கதை அடிபட்டது. அந்த ஜன்னலுக்குள் எண்பது வயது மீன்பிடிச் சம்மாட்டி ஒருவர்தான் படுத்திருக்கிறார் என்று தெரிந்ததும் ஊர் ஏமாந்து அடங்கியது.

இப்படி நட்சத்திரம் பார்க்கும் ஐந்தாறு பேர் அன்று பின்னேரம் அவர் வீட்டில் கூடுகிறார்கள். கொழும்பிலிருந்து வானியல் கலாநிதி நிலானி வருகிறார். கூடவே ஒரு தொலைநோக்கியும் வருகிறது. யாருடைய கொப்பி நம்பத்தகுந்ததோ அவருக்கு அது ஒரு வருடம் இரவல். அதற்கு இடம் ஒதுக்க, மாதா சுரூபத்தையே அலுமாரிக்கு மேல் ஏற்றிவிட்டார் பஸ்தியான்.

சிக்கல் என்னவென்றால், வருடக் கடைசியில், மார்கழி இருபதிலிருந்து பத்து நாள் அவருக்குக் கண்நோய். பார்க்காத நாளுக்கு 'பார்க்கவில்லை' என்று எழுதுவதுதான் இவர்களுடைய முறை. பத்து வரி அப்படி எழுதினால் தொலைநோக்கி வாசல்படி ஏறுமா? நட்சத்திரம் எந்த நாளில் எவ்வளவு பிரகாசிக்கலாம் என்று கலாநிதி கார்த்திகையில் எல்லாருக்கும் அனுப்பிய உத்தேசத் தாள் ஒன்று கையில் இருந்தது. அதைப் பார்த்துப் பத்து வரியையும் நிரப்பினார்.

மை வேறு நிறமாகத் தெரிந்தது. ஆகவே எல்லாவற்றையும் புதுக் கொப்பியில் எழுதினார். அது கலியாண அழைப்பிதழ் மாதிரிப் பளபளத்தது. ஆகவேதான் தேநீர்.

தேநீர் ஒரு வருட உழைப்பையும் கரைத்துக்கொண்டு ஓடியது. மார்கழியின் அந்தப் பத்து வரிகளில் மட்டும் ஒரு சொட்டும் படவில்லை. இன்னொரு கோப்பை ஊற்றலாமா என்று யோசிப்பதற்குள் வாசலில் ஹோர்ன் அடித்தது.

நிலானியின் சாரதி நஜாத் ஒரு தட்டுப் பெற்றிஸோடு வாசல்படியில் உட்கார்ந்தான். உள்ளே நிலானி கொப்பியைப் பிரித்தார்.

"என்ன அங்கிள், கொப்பி கடலில விழுந்திட்டுதா?"

"தேத்தண்ணி, மிஸ்."

பக்கங்களைப் புரட்டிய நிலானியின் விரல் மார்கழியில் நின்றது.

"அட! இந்தப் பத்து நாளும் என்ட கொழும்புத் தொலைநோக்கி அளவோட தசமம் மாறாமச் சரி! அதுவும் வெறுங்கண்ணால!"

"அப்பிடி வராது மிஸ்," என்றார் கூடியிருந்தவர்களில் ஒருவரான, புத்தளம் உப்பளத்தில் வேலைசெய்யும் ஹயாத்து முகம்மது. "அந்த நாளையில நட்சத்திரம் சரியான மங்கல். நான் கண்டதத்தான் எழுதீக்கிறன்."

"நானும் அங்கிளும் ஒரே கணக்குச் சொல்றம், ஹயாத்து நானா. நீங்க ஒருக்காக் கண்ணைக் காட்டினா நல்லம்."

ஹயாத்து முகம்மது கண்ணாடியைக் கழற்றிச் சேர்ட் நுனியில் துடைத்தார். பஸ்தியானுக்கு உண்மையைச் சொல்லிவிடத் தோன்றியது. ஆனால் கலாநிதியின் கை தொலைநோக்கிப் பெட்டியைத் தொட்டுவிட்டதே, வாய் எப்படித் திறக்கும்?

அந்த நேரம் பார்த்துத் தேநீர்த் தட்டோடு வந்தாள் மக்டலின்.

"கண்ணா? யோசிக்காதீங்க நானா, இஞ்ச நல்ல டொக்டர் இருக்கிறார். மார்கழியில இவருக்குப் பத்து நாள் கண்ணே திறக்கேலாது. நத்தார்ப் பூசைக்கும் துணி கட்டி, நான்தானே கையில பிடிச்சுக் கூட்டிப்போனது!"

நிலானி பெட்டியிலிருந்து கையை எடுத்தார்.

"அப்ப இந்த அளவெல்லாம் எங்கயிருந்து வந்தது, அங்கிள்?"

பஸ்தியான் சேர்ட் பையிலிருந்து நாலாக மடித்த தாளை எடுத்து நீட்டினார். "நீங்க அனுப்பினதுதான், மிஸ். நானா, நீங்களும் மன்னிக்கவேணும்."

"தாளைப் பார்த்து எழுதினீங்களா!" நிலானி எழுந்தேவிட்டார். "அது உத்தேசம் அங்கிள்! தாள் சொல்றது ஒண்டு, வானம் காட்டுறது ஒண்டு. பார்க்காமப் பார்த்தன் எண்டு எழுத எப்பிடி மனம் வந்தது?"

வாசல்படியில் விரலைச் சப்பிக்கொண்டிருந்த நஜாத்துக்குப் பஸ்தியானைப் பார்க்கப் பாவமாகிவிட்டது.

"வயசான மனிசர் மிஸ், ஏசாதீங்க. அந்தப் பத்து நாளும் நீங்களும் தங்கச்சிட கலியாணத்துக்குப் பதுளையிலதானே ஈந்தீங்க. தொலைநோக்கி அறையப் பூட்டித் திறப்ப என்னட்டத்தானே தந்திட்டுப் போனீங்க!"